மும்பைக்கு முதல் பயணம்: கூட்டத்துக்கு எதிர்த்திசையில் மூன்று நாள்

எங்கள் சித்தப்பா முதல்முறையாக மும்பைக்கு வந்தபோது, தெற்கே சர்ச்கேட் நிலையத்தில் மாலை ஆறரை மணிக்கு, வடக்குக் கோடியிலுள்ள விராருக்குப் போகும் ஃபாஸ்ட் வண்டியில் ஏறினார். அவர் இறங்கவேண்டிய இடம் தாதர். பதினைந்து, இருபது நிமிடப் பயணம்தான். தாதர் வந்தது, சித்தப்பாவால் வாசலுக்கு வர முடியவில்லை. கடைசியில் தாதரைத் தாண்டி அந்தேரியில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட இறக்கிவிடப்பட்டார் என்பதே சரி. ஒரு செருப்பு மட்டும் விராருக்குப் போய்விட்டது.

பதினோரு வருடம் இந்த ஊரில் குடியிருந்து, ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் பலருக்குச் சுற்றிக்காட்டியிருக்கிறேன். முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள்: கேட்வே, எலிஃபெண்டா, சித்திவிநாயகர், ஹாஜி அலி, ஜூஹு, அமிதாப் வீடு. பட்டியலில் தப்பில்லை. ஆனால் எந்த இடத்துக்கு எந்த நேரத்தில், கூட்டம் போகும் திசையிலா எதிர்த்திசையிலா என்பதை யோசிக்காமல் கிளம்பினால் மூன்று நாளும் பிதுங்கியே கழியும்.

மும்பையின் அமைப்பு எளிது. தெற்கே கடலுக்குள் நீட்டிய விரல்போல ஒரு நிலம். ஃபோர்ட் எனப்படும் கோட்டைப் பகுதி, பழைய அலுவலகங்கள், கேட்வே எல்லாம் அந்த விரல் நுனியில். மக்கள் குடியிருப்பதோ பெரும்பாலும் வடக்கே. காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை ஊரே தெற்கே ஓடும். மாலை ஐந்திலிருந்து ஒன்பதுவரை வடக்கே திரும்பும். இப்போது அந்தேரி, பாந்த்ரா பக்கமும் அலுவலகங்கள் பெருகியதால் எதிர்த்திசையிலும் கொஞ்சம் நெரிசல் உண்டு. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. நீங்கள் தெற்கே தங்கி, காலையில் வடக்கே போய், மாலையில் தெற்கே திரும்பினால் இரண்டு வேளையும் உட்கார்ந்தே போகலாம். சித்தப்பா செய்தது இதற்கு நேர்மாறு.

எந்த நாளில் வருவது

நவம்பர் முதல் பிப்ரவரிவரை வாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை. மும்பை மழை அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய ஊர் இது. அவ்வளவு வேண்டாம், கொஞ்சம் வலுத்துப் பெய்தாலே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுவிடும். மூன்று நாள் மட்டும் கையில் வைத்திருப்பவர் அந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

கிழமையும் முக்கியம். திங்கட்கிழமை எலிஃபெண்டா குகைகளுக்கு விடுமுறை. போரிவலி தேசியப் பூங்காவும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் 'மெகா பிளாக்' என்று ஒன்று உண்டு. தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணிநேரம் ஒவ்வொரு தடத்திலும் ஒரு பகுதியை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பகுதி என்பது முந்தின நாள் செய்தியிலேயே வந்துவிடும். ஆகவே என் யோசனை: வியாழன் மதியம் வந்து இறங்குங்கள், ஞாயிறு இரவு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையை ரயிலே தேவைப்படாத நடைக்கு ஒதுக்கிவிடலாம்.

எங்கே இறங்குகிறீர்கள் என்று பாருங்கள்

இது அற்பமான விஷயமாகத் தெரியும், ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் 'மும்பை' என்று இருந்தால் போதாது. சி.எஸ்.எம்.டி. என்பது பழைய வி.டி., அதாவது விக்டோரியா டெர்மினஸ். 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆகி, 2017-ல் 'மகாராஜ்' சேர்ந்தது. டாக்சிக்காரர்களுக்கு இன்னமும் 'வி.டி.'தான். எல்.டி.டி. என்பது லோகமான்ய திலக் டெர்மினஸ், குர்லா பக்கம் இருக்கிறது. நெல்லையிலிருந்து வரும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் தாதரோடு நின்றுவிடும். மும்பை சென்ட்ரல் என்பது இன்னொன்று. பெயரைப் பார்த்து அது மத்திய ரயில்வேயைச் சேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது மேற்கு ரயில்வேயின் நிலையம். குஜராத், டெல்லி வண்டிகள் புறப்படும் இடம்.

எல்.டி.டி.யில் இறங்கினால் வெளியே 'டாக்சி, டாக்சி' என்று பெட்டியைப் பிடுங்க வருபவர்களைத் தாண்டி நேரே நடங்கள். ஆட்டோ மீட்டரில் வரும். குர்லா லோக்கல் (புறநகர் ரயில்) நிலையம்வரை அதில் போய் அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். பெட்டி அதிகமென்றால் ஆப்பில் வண்டி போட்டுவிடுவது நல்லது.

விமானத்தில் வருபவர்கள் டிக்கெட்டில் மூன்று எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஓ.எம். என்றால் பழைய விமான நிலையம். என்.எம்.ஐ. என்றால் 2025 டிசம்பரில் விமானங்கள் பறக்கத் தொடங்கிய நவி மும்பை விமான நிலையம். அங்கிருந்து ஊருக்குள் வருவது தனிப் பயணம். பழைய நிலையத்தில் இறங்கினால் இப்போது ஒரு பெரிய வசதி வந்திருக்கிறது. மூன்றாவது தட மெட்ரோ, வடக்கே ஆரேயிலிருந்து தெற்கே கஃப் பரேடுவரை 33 கிலோமீட்டருக்குமேல், ஏறக்குறைய முழுக்க நிலத்தடியிலேயே ஓடுகிறது. 2025 அக்டோபரில் முழுத் தடமும் திறந்தார்கள். இரண்டு டெர்மினல்களுக்கும் நிலையம் உண்டு. தாதர், சித்திவிநாயகர், சி.எஸ்.எம்.டி., சர்ச்கேட் எல்லாம் வழியில். பெட்டியோடு வருகிற புதியவருக்கு லோக்கலைவிட இதுவே மேல்.

தங்குமிடம்

மும்பையில் அறை சின்னதாகவும் வாடகை பெரிதாகவும் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமிருக்காது. முடிந்தால் ஃபோர்ட், கொலாபா, சர்ச்கேட் பகுதியில் தங்குங்கள். காசு இடித்தால் தாதர் அல்லது மாட்டுங்கா. தாதரின் பலம், மேற்கு, மத்திய என்ற இரண்டு ரயில் தடமும் அங்கே கைகோத்துக்கொள்வதுதான். அறை பதிவு செய்யும்போது முகவரியில் 'ஈஸ்ட்' என்று இருக்கிறதா 'வெஸ்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தேரி ஈஸ்டில் இருக்கும் ஓட்டலுக்கு வெஸ்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால், பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர அரைமணி நேரம் போய்விடும்.

லோக்கல் ரயில்: இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

மூன்று பெரிய தடங்கள். மேற்குத் தடம் சர்ச்கேட்டில் தொடங்கி தாதர், பாந்த்ரா, அந்தேரி, போரிவலி, விரார் என்று போகும். மத்தியத் தடம் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து பைகுலா, தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா, தானே, கல்யாண். ஹார்பர் தடமும் சி.எஸ்.எம்.டி.யிலிருந்துதான் கிளம்புகிறது, செம்பூர் வழியாக நவி மும்பை, பன்வேல் போகும். இந்த மூன்றையும் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி மும்பை புரிந்துவிட்டது.

டிக்கெட்டை ரயில்ஒன் ஆப்பில் எடுக்கலாம், ஆனால் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே, தள்ளி நின்று எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்கு மிக அருகில் போனால் ஆப் டிக்கெட் தராது. கவுன்டரில் 'டூரிஸ்ட் பாஸ்' என்று கேட்டால் ஒன்று, மூன்று, ஐந்து நாட்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பதற்கு அது தேவலை. சாதாரண இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. முதல் வகுப்பு அதைவிடப் பலமடங்கு. முதல் வகுப்புப் பெட்டியும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் தெரியாமல் ஏறி அபராதம் கட்டியவர்கள் ஏராளம். பிளாட்பாரத் தூண்களிலும் பெட்டியின் ஓரத்திலும் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அது முதல் வகுப்பு அல்லது பெண்கள் பெட்டி. ஏறுமுன் ஒரு நொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். ஏ.சி. லோக்கலுக்கு டிக்கெட் தனி.

பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போகும் ஊர், 'எஃப்' அல்லது 'எஸ்', பெட்டிகளின் எண்ணிக்கை, வண்டி வர எத்தனை நிமிடம் என்று இருக்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட், சின்ன நிலையங்களில் நிற்காது. எஸ் என்றால் ஸ்லோ, எல்லா இடத்திலும் நிற்கும். புதியவர்களுக்கு என் அறிவுரை: தூரம் குறைவென்றால் ஸ்லோ வண்டியிலேயே போங்கள். பத்து நிமிடம் அதிகமாகும், அவ்வளவுதானே. கிட்டத்தில் இறங்க வேண்டியவர் தூரத்துக்குப் போகும் ஃபாஸ்ட் வண்டியில் மாலையில் ஏறக்கூடாது. விரார் வண்டியில் விரார்க்காரர்கள் ஏறுவார்கள். வழியில் இறங்குகிறவனை அவர்களுக்குப் பிடிக்காது.

இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டிக்குள் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு வரும். 'புடீல் ஸ்டேஷன்' என்று கேட்டால், அடுத்த நிலையம் என்று பொருள். உங்கள் நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே எழுந்து, முன்னால் நிற்பவரிடம் 'தாதர் உதர்னா ஹை?' என்று கேளுங்கள். 'ஹா' என்றால் அவர் பின்னாலேயே ஒட்டி நில்லுங்கள், அவர் உங்களைச் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இல்லையென்றால் அவர் ஒருபக்கமாகத் திரும்பி உங்களுக்கு வழி விடுவார். தோள்பையை முதுகிலிருந்து கழற்றி மார்பின்மேல் மாட்டிக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான். செல்பேசி சட்டைப்பையில் வேண்டாம். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், 'கிஸ் சைட்?' என்றால் போதும், கையைக் காட்டுவார்கள்.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருவர் வந்து, 'தோடா சரக்னா' என்பார். கொஞ்சம் நகரச் சொல்கிறார். நகருங்கள். இந்த ஊரின் எழுதாத சட்டம் அது. நான்காவது ஆள் ஒரு தொடையை மட்டும் பெஞ்சில் வைத்துக்கொண்டு, கல்யாண்வரை தூங்கிக்கொண்டே போவார். முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு நானே நான்காவது ஆள் ஆனேன்.

தாதரில் இன்னொரு குழப்பம் தீர்ந்திருக்கிறது. முன்பு இரண்டு தடத்துக்கும் தனித்தனியே ஒன்றாம் எண் பிளாட்பாரம் இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து 1 முதல் 14 வரை ஒரே வரிசை. 7 வரை மேற்குத் தடம், 8-லிருந்து மத்தியத் தடம். மாட்டுங்காவிலும் கவனம்: 'மாட்டுங்கா' மத்தியத் தடத்தில், 'மாட்டுங்கா ரோடு' மேற்குத் தடத்தில். சாப்பிடப் போகிறீர்கள் என்றால் முதலாவது.

ஆட்டோ, டாக்சி பற்றிச் சொன்னால் சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். இங்கே ஆட்டோ மீட்டரில்தான் ஓடுகிறது, பேரம் கிடையாது, சில்லறை பாக்கியைத் திருப்பிக் கொடுப்பார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சம் ஆட்டோவுக்கு 26 ரூபாய், டாக்சிக்கு 31. நள்ளிரவுக்குமேல் கால்பங்கு கூடுதல். ஆனால் பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோவே கிடையாது, கறுப்பு-மஞ்சள் டாக்சிதான்.

வியாழன் மாலை

அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குமேல் மெரைன் டிரைவ் போய்க் கடலைப் பார்த்து உட்காருங்கள். வேறெதுவும் வேண்டாம். வழியில் ஒரு வடாபாவ் சாப்பிடுங்கள். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு போண்டா, பூண்டுப்பொடி, வறுத்த பச்சைமிளகாய். மிளகாயைக் கடித்துவிட்டு வீரம் காட்ட வேண்டாம்.

வெள்ளி: எலிஃபெண்டா

காலை ஒன்பது மணிவாக்கில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகுகள் கிளம்பத் தொடங்கும். தெற்கே தங்கினால் நடந்தே வரலாம். தாதரில் தங்கினால் ஏழேகாலுக்குள் ரயில் ஏறிவிடுங்கள், எட்டுக்குமேல் என்றால் நெரிசல். டிக்கெட் அங்கேயே கிடைக்கும். போக ஒரு மணிநேரம், வர ஒரு மணிநேரம். லைஃப் ஜாக்கெட்டைக் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் இந்தத் தடத்தில் ஒரு பெரிய படகு விபத்து நடந்திருக்கிறது. திரும்பும் டிக்கெட்டை பத்திரமாக வையுங்கள்.

தீவின் பெயர் காராபுரி. போர்த்துக்கீசியர் அங்கே ஒரு கல்யானையைப் பார்த்து எலிஃபெண்டா என்று வைத்தார்கள். அந்த யானை இப்போது தீவில் இல்லை, பைகுலாவில் ராணி பாக் எனப்படும் தோட்டத்தில் நிற்கிறது. படகுத்துறையிலிருந்து கடைகளுக்கு நடுவே நூற்றுச் சொச்சம் படி ஏற வேண்டும். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்கு பறித்துவிடும், நான் ஒரு முழுச் சீப்பு வாழைப்பழத்தைப் பறிகொடுத்தவன்.

பெரிய குகைக்குள் நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். அப்புறம் எதிர்ச்சுவரிலிருந்து சுமார் இருபது அடி உயரச் சதாசிவம் மெல்லத் தெரியவரும். நடுமுகம் கண்மூடி அமைதியாக இருக்கும். உங்களுக்கு இடப்பக்கம் மீசையோடு கடுத்த முகம், வலப்பக்கம் பெண்மை கனிந்த முகம். இடப்பக்கத்துச் சுவரில் அர்த்தநாரி, வலப்பக்கத்தில் கங்கையைத் தாங்குபவர். நம் பல்லவர் சிற்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் கனம் வேறு மாதிரி படும். இங்கே செல்ஃபி எடுத்து ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும். அரைமணி நேரமாவது உட்காருங்கள். ஒன்றரை மணிக்குப் படகேறினால் பிற்பகலை அருங்காட்சியகத்திலோ கொலாபாக் கடைத்தெருவிலோ கழிக்கலாம்.

சனி: வடக்கே

சர்ச்கேட்டில் காலை எட்டரைக்கு போரிவலி வண்டி ஏறுங்கள். எதிர்த்திசையில் வரும் வண்டிகளில் வாசலெல்லாம் தொங்குவார்கள். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பீர்கள். போரிவலி ஈஸ்டில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிய காடு. சிறுத்தைகள் உண்மையாகவே உண்டு. உள்ளே சில கிலோமீட்டர் தள்ளி கன்ஹேரி குகைகள், பூங்காப் பேருந்தில் போகலாம். கருங்கல் மலையைக் குடைந்து பௌத்தத் துறவிகள் அமைத்த நூற்றுக்குமேற்பட்ட குகைகள். பழமையானவை ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியவை. சிலைகளைவிட எனக்குப் பிடித்தது அங்கே மழைநீரைப் பிடிக்கப் பாறையிலேயே வெட்டியிருக்கும் வாய்க்கால்களும் தொட்டிகளும். ஏறி இறங்க வேண்டிய இடம், தண்ணீரும் நல்ல செருப்பும் வேண்டும்.

முட்டிவலி உள்ளவர்கள், கோயில் பார்க்க விரும்புகிறவர்கள் கன்ஹேரியை விட்டுவிட்டு மகாலட்சுமி கோயில், ஹாஜி அலி தர்கா, சித்திவிநாயகர் என்று போகலாம். ஹாஜி அலிக்குக் கடலுக்கு நடுவே போகும் பாதை, அலை ஏறினால் மூழ்கிவிடும். அன்றைய அலைநேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சித்திவிநாயகருக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம். மகாலட்சுமி நிலையத்துக்கு வெளியே பாலத்திலிருந்து பார்த்தால் கீழே தோபிகாட், வரிசை வரிசையாகத் துவைகல் தொட்டிகள்.

மதியச் சாப்பாட்டுக்கு மாட்டுங்கா. இது தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் பகுதி. பூக்கடையில் மல்லிகையை முழம் போட்டுத் தருவார்கள், தமிழிலேயே பேரம் பேசலாம். நிலையத்தை ஒட்டியுள்ள ராமா நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு. 1942-லிருந்து நடக்கிறது. வரிசை நீளமாக இருக்கும், ஆனால் நகரும். காலைச் சிற்றுண்டி என்றால் 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், ரசவடை கேளுங்கள். வந்த முதல் நாளே இட்லி தேடி அலைகிற நம்மவர்களைக் கண்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். மூன்றாம் நாள், நாக்கு செத்தபிறகு போனால்தான் அந்தக் காபிக்கு மதிப்பு.

ஞாயிறு: கோட்டைப் பகுதியில் நடை

வாரநாளில் நிற்கக்கூட இடமில்லாத தெருக்கள் ஞாயிறு காலையில் வெறிச்சோடிக் கிடக்கும். சி.எஸ்.எம்.டி.க்கு எதிரே நின்று தொடங்குங்கள். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1878-ல் வேலை தொடங்கிப் பத்தாண்டுபோல எடுத்துக் கட்டினார்கள். இந்த இடத்தருகே இருந்த போரிபந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று தானேவுக்கு, 34 கிலோமீட்டர், இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அங்கிருந்து ஹுதாத்மா சௌக் வழியாக ஓவல் மைதானம். நடுவில் நின்று ஒருபக்கம் பார்த்தால் உயர்நீதிமன்றமும் ராஜாபாய் கோபுரமும், ஊசிமுனைக் கோபுரங்களோடு. திரும்பினால் 1930-களின் 'ஆர்ட் டெகோ' கட்டடப் பாணிக் குடியிருப்புகள், வளைந்த பால்கனிகளோடு. இந்த இரண்டு வரிசைக்கும் சேர்த்து 2018-ல் உலக மரபுச்சின்னத் தகுதி கிடைத்தது. நடுவே பத்துப் பதினைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின்மேல் ஒன்று நடந்துகொண்டிருக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்துக்கு என்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறதோ.

களைத்தால் மெட்ரோ சினிமா அருகே 1904-லிருந்து இருக்கும் கியானி கஃபேயில் பன்-மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) இரானி டீயும். பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

இரவு ஊர் திரும்பும் ரயில் எல்.டி.டி.யிலிருந்து என்றால், பெட்டியோடு லோக்கலை நம்பாதீர்கள். அன்று மெகா பிளாக் இருக்கலாம், பிளாக் முடிந்தபின்னும் வண்டிகள் தாமதமாகவே ஓடும். இரண்டு மணிநேரம் முன்னதாக டாக்சியில் கிளம்புங்கள். ஓட்டுநரிடம் 'குர்லா டெர்மினஸ்' என்று சொல்லுங்கள், 'குர்லா ஸ்டேஷன்' என்று அல்ல. இரண்டும் வேறு.